பிள்ளைக் கவுனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

பிறந்தநாளுக்கு எடுத்த கவுனை முதலில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். இடுப்பைச் சுற்றி நைலான் நூலில் விளிம்பை மூடிப் போட்ட ஓவர்லாக் தையல், அதோடு சேர்த்துப் பிடித்த நெட் துணியின் வெட்டு விளிம்பு, கழுத்துக்குப் பின்னால் லேபிள் முனை, பூ வேலை இருந்தால் அதன் முடிச்சுகள். வெளியே எத்தனை அழகாக இருந்தாலும் பிள்ளையின் மேலில் படுவது இந்தப் பக்கம்தான். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் ஃபேன் காற்றே அனலாக வரும். கக்கத்திலும் இடுப்பு மடிப்பிலும் வேர்க்குரு உள்ள பிள்ளை இதைப் போட்டால் அழத்தான் செய்யும். நாமே தைத்தால் உள்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. துட்டு மிச்சம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு யோக் (தோளிலிருந்து மார்பு வரை வரும் மேல்பாகம்) வைத்த கவுன், அதே துணியில் ஜட்டி, தலைக்குப் பட்டி, அதில் ஒரு போ (துணி முடிச்சுப் பூ), காலுக்குத் துணிச் செருப்பு. இவ்வளவும் 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 1 மீட்டருக்குள் அடங்கும். யோக்கின் உள்துணியான லைனிங்குக்கு மட்டும் வெள்ளை மல் துணி (மெல்லிசான பருத்தித் துணி) கால் மீட்டர் தனியாக வாங்குங்கள்.

முதலில் துணி. மல் துணிதான் இந்த ஊர் வெக்கைக்கு முதல் தேர்வு. ஆனால் ஒற்றையாகப் போட்டால் உள்ளே இருப்பது வெளியே தெரியும், தையலில் இழுத்துக்கொள்ளும். புதிதாகத் தைக்கிறவர்கள் கேம்பிரிக் காட்டனில் ஆரம்பிப்பது நல்லது. வெட்டும்போது நகராது, சுருக்கும் அழகாக விழும். பாப்ளின் பிள்ளைக்குக் கொஞ்சம் விறைப்பு. நெட், சம்கி, கல் வைத்த துணி எதுவும் வேண்டாம். நெட்டும் பாலியஸ்டரும் வேர்வையை உறிஞ்சாது என்பது ஒரு பக்கம். கேக்கின் மெழுகுவர்த்தியோ குத்துவிளக்குச் சுடரோ பட்டால் அந்தத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது.

பிறந்த பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் நம் வீடுகளில் போடுவார்கள். ஆச்சிமார் அதற்கு வேறு காரணம் சொன்னாலும், பலமுறை துவைத்த வேட்டியில் கஞ்சியும் இல்லை, மில்லில் ஏற்றிய பசையும் இல்லை என்பதுதான் விஷயம். முதல் மூன்று மாதத்துக்கு ஜபலா (கைப்பிள்ளைக்குப் போடும் லேசான சட்டை) தைக்கிறவர்கள் இன்றைக்கும் அப்படியே செய்யலாம்.

புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அலசி, முறுக்காமல் நிழலில் காயவையுங்கள். காட்டன் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். சந்தேகமாக இருந்தால் 10 இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி, நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். அரை இஞ்ச் குறைந்திருந்தால் 5 சதவீதம். துவைக்காமல் தைத்த கவுனில் நீளம் குறைவதை விடப் பெரிய தொல்லை வேறு ஒன்று: மேல் துணி ஒரு அளவும் லைனிங் இன்னொரு அளவும் சுருங்கி, முதல் சலவையிலேயே யோக் நெளிந்துவிடும். அதனால் லைனிங், லேஸ், பைப்பிங் எல்லாவற்றையும் சேர்த்தே ஊறப்போட வேண்டும்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணித் துண்டை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் திரும்பத் திரும்ப அலச வேண்டியதுதான். தண்ணீர் தெளிவாகவே வரவில்லை என்றால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம். பிள்ளை சட்டையை வாயில் வைக்காமல் இருக்காது. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். கடையில் வாங்கும் சாயத் துணிக்கு அது உதவாது.

அளவுக்கு வருவோம். ஒரு வயதுப் பிள்ளைக்கு மார்பு 19 முதல் 20 இஞ்ச், தோள் 7½, தலைச் சுற்றளவு 18 இஞ்சை ஒட்டி இருக்கும். ஆறு மாதப் பிள்ளைக்கு மார்பு 17, தோள் 7, தலையும் 17. கைப்பிள்ளைக்குத் தலையும் மார்பும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு என்பதைக் கவனியுங்கள். பெரியவர்கள் சட்டை மாதிரி கழுத்தை வெட்டிவிட்டு, பின்னால் திறப்பு வைக்காமல் விட்டால் தலை நுழையவே நுழையாது. பிள்ளை தூங்கும்போது அளவெடுங்கள். டேப்பின் அடியில் இரண்டு விரல் போக வேண்டும்.

இனி வெட்டு. 1 மீட்டர் என்பது 39 இஞ்ச் சொச்சம். 5 சதவீதம் சுருங்கினாலும் 37 இஞ்ச் கையில் நிற்கும். அதைப் பன்னாவுக்குக் குறுக்காக நான்கு பட்டையாகக் கிழியுங்கள்: பாவாடைப் பகுதிக்கு 12 இஞ்ச், யோக்குக்கு 8, கைக்கும் செருப்புக்கும் 6, ஜட்டிக்கும் தலைப்பட்டிக்கும் 10. மொத்தம் 36. எல்லாப் பட்டையும் ஒரே திசையில் போவதால், நிற்கிற பூ, யானை, மயில் என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் டிசைனும் தலைகீழாக வராது. வாங்குவதே 1 மீட்டர்தான் என்பதால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் வரைந்துகொண்டு கத்தரியை எடுங்கள்.

யோக் முன்பக்கத்தைத் துணியை மடித்து, மடிப்பில் வைத்து வரையுங்கள். மார்பு 20 என்றால் அதில் கால் பங்கு 5, லூஸுக்கு முக்கால், தையலுக்கு அரை, ஆக 6¼ இஞ்ச் அகலம். மடிப்பிலிருந்து கழுத்து அகலம் 2, தோள் முனை 3¾, தோள் சரிவு அரை. கழுத்து இறக்கம் முன்னால் 2¼, பின்னால் 1. கைக்குழி 4½. அதற்குக் கீழே 1 இஞ்ச் விட்டு யோக் முடிகிறது. அதாவது நீளம் 5½, மேலும் கீழும் தையலுக்கு அரை அரை. கழுத்து, கைக்குழி அளவுகள் தைத்து முடித்த அளவு. கழுத்திலும் கைக்குழியிலும் கால் இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். பின்பக்கம் இரண்டு துண்டு. நடுவில் ஒவ்வொன்றிலும் 1 இஞ்ச் கூடுதலாக விடுங்கள், பட்டன் பட்டிக்கு. இதே அளவில் லைனிங்கிலும் ஒரு செட்.

மல் துணிக்கும் கேம்பிரிக்குக்கும் மிஷினில் 11ஆம் நம்பர் ஊசி போதும். மல் மிக மெல்லிசு என்றால் 9. பிளவுஸ் தைத்த 14ஆம் நம்பர் ஊசியோடு உட்கார்ந்தால் ஒவ்வொரு குத்திலும் ஓட்டை தெரியும், நூலும் இழுபடும்.

உள்பக்கம் ஒரு விளிம்பும் தெரியாமல் யோக்கை முடிக்கும் முறை இதுதான். வரிசை மாறினால் வராது. மேல் துணியில் தோள்களைச் சேருங்கள். லைனிங்கில் தனியாகத் தோள்களைச் சேருங்கள். இரண்டையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்து, ஒரு பின் விளிம்பில் ஆரம்பித்துக் கழுத்தைச் சுற்றி மறு பின் விளிம்பு வரை கால் இஞ்சில் தையல் போடுங்கள். பிறகு இரண்டு கைக்குழியும். பக்கவாட்டை இப்போது தொடக் கூடாது. கழுத்து வளைவில் அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு கொடுங்கள், தையலுக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தி. இந்த வெட்டைக் கொடுக்காததால்தான் பலருக்குக் கழுத்து நெளிநெளியாக நிற்கிறது. இஸ்திரி போட்டாலும் படியாது. இனி ஒவ்வொரு பின் துண்டையும் தோளில் மேல் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவிலுள்ள குகை மாதிரி இடைவெளி வழியாக முன்பக்கத்திலிருந்து இழுங்கள். யோக் தானாக நேராகத் திரும்பிவிடும். கடைசியில் பக்கவாட்டை, மேல் துணி முதல் லைனிங் வரை விரித்துப் பிடித்து ஒரே ஓட்டமாகத் தையுங்கள்.

கை வைப்பதாக இருந்தால் கைக்குழி தைக்கும் முன்பே இரண்டு துணிக்கும் நடுவில் கையை வைத்துவிட வேண்டும். நம் ஊருக்குப் பஃப் கை, எலாஸ்டிக் கை வேண்டாம் என்பேன். புழுங்கும், மேல்கையில் வரி விழும். 12 இஞ்ச் நீளம், 3 இஞ்ச் அகலத்தில் இரண்டு முனையும் கூராகக் குறையும்படி வெட்டி, வளைந்த விளிம்பை மெல்லிசாக மடித்துத் தைத்து, நேர் விளிம்பைச் சுருக்கித் தோளின் மேல் வைத்தால் ஃப்ரில் கை. கக்கம் திறந்தே இருக்கும்.

பாவாடைப் பகுதியைப் பன்னாவில் இரண்டாக வெட்டினால் முன்னுக்கு 22, பின்னுக்கு 22. பக்கத் தையலைப் பிரெஞ்சு தையலாகப் போடுங்கள்: முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கக் கால் இஞ்சில் ஒரு தையல், அதை எட்டில் ஒரு இஞ்சாக நறுக்கி, திருப்பி, மறுபடி கால் இஞ்சில். பிசிறு உள்ளேயே அடைபட்டுவிடும். பின்பக்க நடுவில் மேலிருந்து 3 இஞ்ச் கீறி, 1¼ இஞ்ச் பட்டி போட்டு முடியுங்கள். கவுனைப் போடும்போது பிள்ளையின் கையை முறுக்காமல் நுழைக்க இந்த 3 இஞ்ச் பெரிய உதவி.

சுருக்கு வைக்கும் இடத்தில்தான் நிறையப் பேருடைய கவுன் கெடுகிறது. ஒற்றை வரி தையல் போட்டு இழுத்தால் சுருக்கு ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் மொட்டையாகவும் நிற்கும், பாதியில் நூலும் அறும். மிஷினில் தையலைப் பெரிதாக்கி, இஞ்சுக்கு 6 குத்து வரும்படி, விளிம்பிலிருந்து கால் இஞ்சில் ஒரு வரி, முக்கால் இஞ்சில் இன்னொரு வரி போடுங்கள். துணியின் நடுவிலும் இரண்டு கால் பாகத்திலும் சாக்பீஸால் அடையாளம் வையுங்கள். யோக்கிலும் அதே இடங்களில். அடையாளத்தை அடையாளத்தோடு குண்டூசியில் பிடித்த பிறகு, பாபின் (அடி) நூல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியைத் தள்ளுங்கள். முன்பக்கத்தில் 21 இஞ்ச் துணி 11½ இஞ்சுக்குள் அடங்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால் சுருக்குகளைக் கீழ்நோக்கிக் கீறிவிட்டால் ஒவ்வொன்றும் சீப்புப் பல் மாதிரி தனித்தனியாக நிற்கும். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் அரை இஞ்சில் அசல் தையல். அப்போதுதான் சுருக்கு சாயாது. கீழ் வரியைப் பிறகு பிரித்துவிடலாம்.

பாவாடையை யோக்கின் மேல் துணியோடு மட்டும் சேருங்கள், லைனிங்கை விட்டுவிடுங்கள். தையல் விளிம்பை மேல்நோக்கி யோக்குக்குள் தள்ளி, லைனிங்கின் கீழ் விளிம்பை அரை இஞ்ச் உள்ளே மடித்து, அந்தத் தையலை மூடிக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். அரை மணி நேர வேலை. கடைக் கவுனில் இடுப்பைச் சுற்றி உறுத்தும் அந்த ஓவர்லாக் விளிம்பு இப்போது இரண்டு துணிக்கு நடுவில். இது ஒன்றுக்காகவே வீட்டில் தைக்கலாம். கீழ் மடிப்பு 1½ இஞ்ச். அடுத்த வருஷம் 1 இஞ்ச் இறக்கிவிட இடம் இருக்கும்.

பின்னால் மூடுவதற்குத் தட்டையான பிரஸ் பட்டன் மூன்று. மல் துணியில் பிரஸ் பட்டனை நேராகத் தைத்தால், இரண்டாவது மாதம் பட்டன் துணியைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பட்டிக்குள் பழைய பாப்ளின் துண்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் ஆறு சுற்று நூல் போட்டு முடிச்சிடுங்கள். முத்து, மணி, கல் பட்டன் எதுவும் பிள்ளையின் கை எட்டும் முன்பக்கத்தில் கூடாது. விரலால் திருகி இழுத்து, அடுத்த நொடி வாயில் போட்டுவிடும். அது மூச்சை அடைக்கிற அளவு. கழுத்தைச் சுற்றி நாடாவும் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் போடும் ஜபலாவுக்கு மார்புப் பக்கத்தில் நாடா வைக்கிறவர்கள் 5 இஞ்சுக்கு மேல் நீளம் விடாதீர்கள்.

ஜட்டிக்கு 13 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் உயரத்தில் இரண்டு துண்டு. அடியில் நடுவில் 3½ இஞ்ச் விட்டு, அங்கிருந்து பக்க விளிம்பில் 4½ இஞ்ச் உயரம் வரை கால் வளைவு வெட்டுங்கள். முன் துண்டின் மேல் விளிம்பை நடுவில் அரை இஞ்ச் இறக்கினால் தொப்பைக்குக் கீழே அழகாக உட்காரும். இடுப்பு எலாஸ்டிக், பிள்ளையின் இடுப்பு அளவிலிருந்து 2 இஞ்ச் குறைவு. காலுக்கு, தொடை அளவிலிருந்து அரை இஞ்ச் மட்டும் குறைவு. கழற்றும்போது சிவப்பு வரி தெரிந்தால் எலாஸ்டிக்கை மாற்றியே ஆக வேண்டும். அதற்காக எலாஸ்டிக் பட்டியில் 1 இஞ்ச் வாயைக் கையால் தைத்து மூடுங்கள், பிரிப்பது சுலபம். நம் பிள்ளைகள் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கும். அதன் முடிச்சும் வெள்ளிக் குண்டும் எலாஸ்டிக்குக்கு அடியில் மாட்டினால் தோலில் பள்ளம் விழுந்துவிடும். போட்டுவிட்ட பிறகு கயிற்றைப் பட்டிக்கு மேலே எடுத்துவிடுங்கள்.

அந்தப் பட்டையில் மிச்சம் 18 இஞ்ச் அகலத் துண்டு ஒன்று நிற்கும். தலைப்பட்டி அதில்தான். முன் பாகம் 14 × 3 இஞ்ச், பின் பாகம் 8 × 1¾ இஞ்ச். இரண்டையும் நீளவாக்கில் மடித்து, கால் இஞ்சில் குழாயாகத் தைத்துத் திருப்புங்கள். பின் குழாய்க்குள் கால் இஞ்ச் அகல எலாஸ்டிக் 5 இஞ்ச் விட்டு, இரண்டு முனையிலும் அரை இஞ்ச் பிடித்து, முன் பாகத்தின் முனைகளோடு சேருங்கள். சும்மா இருக்கும்போது 17 இஞ்ச், இழுத்தால் 20 வரை வரும். 18 இஞ்ச் தலைக்கு இது இதமாக நிற்கும். கடையில் விற்கும் நைலான் பட்டி எல்லா வயதுக்கும் ஒரே அளவு என்று வருவதால்தான் நெற்றியில் தடம் போடுகிறது. பட்டிக்கு அடியில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். உச்சிக்குழி மூட ஒன்று முதல் ஒன்றரை வயது வரை ஆகும். அதனால் போ அந்த இடத்தில் உட்காராமல் ஒரு பக்கமாக வரட்டும். தூங்கும்போது பட்டியைக் கழற்றிவிடுங்கள். கண்ணுக்கோ மூக்குக்கோ கழுத்துக்கோ அது இறங்கிவிடும்.

போவுக்கு 7 × 6 இஞ்ச் துண்டை மடித்து, நடுவில் 1 இஞ்ச் வாய் விட்டுத் தைத்துத் திருப்பி, நடுவைச் சுருக்கி நூலால் நாலு சுற்று. மேலே 2½ × 2 இஞ்ச் துண்டை மூன்றாக மடித்துச் சுற்றி, பின்னால் தையல். குளூ கன் வேண்டாம். காய்ந்த பசை கல் மாதிரி தலையில் அழுத்தும், வெயிலில் நின்ற காருக்குள் இளகி விட்டும்விடும்.

காது குத்திய புதிதில் பட்டி காதுக்கு மேலே போகும்படி பாருங்கள். தோட்டில் மாட்டினால் பிள்ளை துடித்துப்போகும். குலதெய்வம் கோவிலில் மொட்டை போட்ட அன்றைக்குப் பட்டியே வேண்டாம். சவரம் செய்த தோல் காந்தும், அதன் மேல் சந்தனமும் இருக்கும். அன்றைக்கு அதே துணியில் மல் லைனிங் போட்ட தொப்பிதான் சரி.

செருப்பு, நடக்காத பிள்ளைக்கு மட்டும். பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, சுற்றிலும் அரை இஞ்ச் கூட்டி வெட்டினால் தையலும் லூஸும் அதிலேயே அடங்கும். அடிக்குப் பழைய ஜீன்ஸ் துணி. கொலுசு போட்ட பிள்ளைக்குச் செருப்பில் லேஸ் வைக்காதீர்கள், கொலுசுச் சலங்கை அதில் மாட்டிக்கொள்ளும். மொசைக் தரையில் எழுந்து நிற்கப் பழகும் பிள்ளைக்கு வெறுங்கால்தான் பத்திரம்.

லேஸ் என்றதும் இந்தப் பக்கத்து லேஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கும் அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தார். பருத்தி நூலில் கையால் பின்னிய லேஸ் தோலில் இருப்பதே தெரியாது. ஞானஸ்நானத்துக்கு வெள்ளைக் கவுன் தைக்கிறவர்கள் நைலான் லேஸை விட்டுவிட்டு, அகலம் குறைவானாலும் காட்டன் லேஸ் வையுங்கள். லேஸை விளிம்பில் இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது. ஒவ்வொரு 10 இஞ்சுக்கும் கால் இஞ்ச் தளர விட்டால்தான் துவைத்த பிறகு விளிம்பு சுருளாமல் இருக்கும். கழுத்தில் வேண்டாம், கீழ் விளிம்பில் போதும்.

ஆனித் தேரோட்டத்துக்குப் பட்டுப் பாவாடை தைக்கிறவர்களுக்கு இரண்டே விஷயம். நாடா வைத்த பாவாடை ஒரு வயதுத் தொப்பையில் நிற்காது. இறுக்கினால் அறுக்கும், தளர்த்தினால் இறங்கும். மல் துணியில் கையில்லாத பாடி வைத்து அதோடு பாவாடையைச் சேர்த்துவிடுங்கள், பாரம் தோளில் போகும். உள்ளே 1 இஞ்ச் டக் (தைத்த மடிப்பு) இரண்டு பிடித்தால் 4 இஞ்ச் துணி அடங்கும். ஒன்றைப் பிரித்தால் 2 இஞ்ச் நீளம் கிடைக்கும், மூன்று வருஷம் ஓடும். செடியும் பூவும் புட்டாவாக வரும் வீரவநல்லூர் செடிபுட்டா மாதிரி அம்மாவின் பழைய சேலை எதிலாவது தைத்தால் ஜரிகைக் கரை கக்கத்துப் பக்கம் வராமல் வெட்டுங்கள். புட்டாவின் பின்பக்கம் நூல் தொங்குகிறதா என்று திருப்பிப் பாருங்கள். தொங்கினால் முழு லைனிங் போட்டே ஆக வேண்டும், பிள்ளையின் விரலும் நகமும் அதில் சிக்கும்.

தைக்க உட்காரும்போது குண்டூசியை எண்ணி எடுங்கள். முடித்ததும் எண்ணிப் பெட்டியில் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் கவுனை விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்க்காமல் பிள்ளைக்குப் போடக் கூடாது. சாக்பீஸ் கோடு போக ஒருமுறை துவைத்து, நன்றாக அலசி, திருப்பிப் போட்டு வெயிலில் காயவையுங்கள்.

அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கும் துணிகளுக்குள் பாச்சை உருண்டை போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன் துணியில் ஏறி, சில பிள்ளைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். பிறவியிலேயே ஜி6பிடி என்ற ரத்த நொதியின் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். நம் பிள்ளைக்கு அது உண்டா என்று பார்த்துத் தெரியாது. நன்றாகக் காய்ந்த துணியை வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, காய்ந்த வேப்பிலையை வெளியே வைத்து, மாதம் ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வையுங்கள். பரணில் ஏற்கெனவே உருண்டை போட்டு வைத்த பழைய பட்டுப் பாவாடை இருந்தால், அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வாடை முழுக்கப் போகும்வரை துவைத்து, காற்றாட வெளியில் போட்டு வையுங்கள். மூக்கில் வைத்துப் பார்க்கும்போது லேசாக அடித்தால்கூட அது பிள்ளைக்கு ஆகாது.